சின்னத் தோட்டாவே போதும்

என் அக்கா ஹமீதுன்னிசாவின் கணவர் சாதிக் பாட்சா பயந்த சுபாவம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ரங்கூனில் கல் தரகு செய்கிறவனுக்குக் கொஞ்சமாவது பயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவனை நம்பி யாரும் கல்லைக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் எங்கள் மச்சானுக்கு அல்லாஹ் அதை அளக்காமல் அள்ளிக் கொடுத்திருந்தான். டிராம் மணி அடித்தால் அவர் ஒதுங்குவதோடு நிற்க மாட்டார், பக்கத்துக் கடைக்குள்ளேயே ஏறி நிற்பார். ஊரிலிருந்து கப்பலில் வந்த கதையைக் கேட்டால், கடல் எப்படி இருந்தது என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டே வந்தாராம்.

அப்படிப்பட்ட மனிதர் இடுப்பில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு மொகல் தெருவில் நடந்தார் என்று சொன்னால் எங்கள் ஊரில் இன்றைக்கும் நம்ப மாட்டார்கள். நடந்தார். பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நடந்தவன் நான்.

முதலில் அவர் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். மொகோக் மலையில் எடுக்கிற சிவப்புக் கல்லை அதன் சொந்தக்காரர்கள் ரயிலேறி ரங்கூனுக்குக் கொண்டு வருவார்கள். தரகர் அதை வாங்கி, வெள்ளைக் காகிதத்தில் பொட்டலமாக மடித்து, பனியனின் உள்பையில் வைத்துக்கொண்டு, வாங்கக் கூடியவர்களைத் தேடிப் போய்க் காட்டுவார். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. அவர் கொடுக்கிறார், இவர் வாங்கிக்கொள்கிறார். அது அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள், அவ்வளவுதான். அமானிதத்தைத் தொலைத்தவன் கையில் அதற்குப் பிறகு யாரும் கண்ணாடிச் சில்லைக்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

விலை பேசுவதும் வாயால் இல்லை. இரண்டு பேர் கைமேலும் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, அதற்குள்ளே விரல்களைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கை முழுவதையும் பிடித்தால் ஐந்து. நூறா ஆயிரமா என்பது கல்லைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். சுற்றி எத்தனை பேர் நின்றாலும் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. துணிக்கு மேலே இரண்டு பேரும் வெற்றிலை போட்டுக்கொண்டு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். துணிக்குக் கீழே அடிதடி நடந்துகொண்டிருக்கும்.

மச்சானை நம்பிப் பெரிய கல்லாகக் கொடுக்கிறவர் ஊ சான் டுன் என்கிற மொகோக்காரர். பர்மியர், மச்சானைவிடக் கொஞ்சம் மூத்தவர். வெட்டாத முடியை உச்சியில் கொண்டை போட்டு, அதைச் சுற்றி இளஞ்சிவப்புப் பட்டுத் துணி கட்டியிருப்பார். தெருக்கோடியில் திரும்பும்போதே ஆளைத் தெரிந்துவிடும். பேச்சு குறைவு, குறும்பு அதிகம். மச்சானை எங்கே பார்த்தாலும், டிராமிலோ தேநீர்க்கடையிலோ, ஒரு தரம் மையித்து எடுக்கிற சாவு வீட்டு வாசலில்கூட, வாயைத் திறக்காமல் தோள் துண்டை எடுத்து வலது கைமேல் போட்டு நீட்டுவார். மச்சான் அதற்குள் கையை விட வேண்டும். இல்லாத கல்லுக்கு இரண்டு பேரும் விலை பேசுவார்கள். படியாமல் சிரித்துக்கொண்டே பிரிவார்கள். அதுதான் அவருடைய ஸலாம்.

ஸ்காட் மார்க்கெட் திறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. மழை பிடிக்கத் தொடங்கிய சமயத்தில் ஊ சான் டுன் ஒரு கல்லைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மாதிரிக் கல்லை அவரும் தன் வாழ்நாளில் இரண்டாம் தரம் எடுத்ததில்லையாம். அவசரப்படாமல் நல்ல இடமாகப் பார்த்து விற்றுக் கொடு என்று சொல்லிவிட்டு மலைக்குப் போய்விட்டார். மச்சான் பொட்டலத்தைப் பனியனுக்குள் வைத்துக்கொண்டார், முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

அதே வாரம் அய்யூபை வெட்டினார்கள்.

அய்யூப் எங்கள் ஜமாஅத்து ஆள், அவனும் கல் தரகன்தான். பட்டப்பகலில், போட்டாதாங் படகுத்துறைக்குப் போகிற வழியில், கிடங்குகளுக்கு நடுவே உள்ள சந்தில் வைத்து நடந்தது. இரண்டு பேர் வந்தார்கள். யார், என்ன ஜாதி என்று அவனுக்கே தெரியவில்லை, முகத்தை மறைத்திருந்தார்கள். பனியனைக் கிழித்துப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் தோளிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டுப் போனார்கள்.

பார்க்கப் போனோம். மச்சானை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற அய்யூப் படுத்தபடியே சொன்னான்:

"ஒருத்தன் கைமேல துண்டைப் போட்டு நீட்டிக்கிட்டு வந்தான் காக்கா. விலை கேக்க வர்றான்னு நெனச்சு நானும் கையை நீட்டுனேன். கிட்ட வந்த பொறகுதான் உள்ளே கத்தி இருக்குன்னு தெரிஞ்சிச்சு."

மச்சான் எழுந்து வெளியே போய்விட்டார். நான் போய்ப் பார்த்தபோது வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் நடந்தால் நாலு அடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார். கல்லைக் கொண்டுபோகிற நாளில் நானும் கூட வர வேண்டும். துணிக்கடையில் வேலை பார்க்கிற என்னால் எந்தக் கொள்ளைக்காரனையும் என்ன செய்துவிட முடியும்? அவருக்கும் அது தெரியும். உயிர் போவதைக் காட்டிலும் கல் போவதுதான் அவருக்குப் பெரிய பயமாக இருந்தது. சான் டுன் முகத்தில் எப்படி விழிப்பேன், இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் டிராமில் போகும்போது திடீரென்று சொன்னார்:

"தம்பி, நான் ஒரு துப்பாக்கி வாங்கப் போறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அவரிடம் கல் வாங்குகிற வக்கீல் ஒருவர் சிபாரிசு செய்ய, லைசென்ஸ் கிடைத்தது. அதற்கான ஆபீசில் மச்சான் நின்ற நிலையைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத்தான் கொடுத்திருப்பார்கள் என்பது என் எண்ணம். கேட்ட கேள்விக்கெல்லாம் பல் கிட்டிப்போய் நின்றார். துப்பாக்கி தேவைப்படுகிற ஆள் இவர்தான் என்று யாருக்கும் தெரிந்திருக்கும்.

லைசென்ஸ் வந்ததும் அடுத்த கவலை ஆரம்பித்தது. எந்த அளவில் வாங்குவது? தேநீர்க்கடையில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பெரிசா வாங்கு என்றார் ஒருவர். சத்தம் கேட்டாலே ஓடிவிடுவான், எதுவானாலும் சரி என்றார் இன்னொருவர். இவர்களில் ஒருவரும் துப்பாக்கியைத் தொட்டதில்லை.

டல்ஹவுசி தெருவில் ஒரு வெள்ளைக்காரர் துப்பாக்கிக் கடை வைத்திருந்தார். சாமான் எடுத்துக் காட்டுகிறவர் செல்லையா என்ற நம் தமிழர், திருநெல்வேலிப் பக்கம். மச்சானைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி.

"தெனமும் இடுப்புல வச்சுக்கிட்டு நடக்கவா, இல்ல வீட்டுல பெட்டியில கெடக்கவா, பாய்?"

"நடக்க."

செல்லையா மூன்றை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் உரிய தோட்டாவையும் நிறுத்தி வைத்தார்.

"இது முப்பத்தெட்டு. இது முப்பத்திரெண்டு. ரெண்டும் ரிவால்வர். இந்தக் குட்டி இருபத்தஞ்சு, பிஸ்டல். ஒரு அங்குலத்தை நூறு பங்காக்குனா குண்டு அதுல எத்தனை பங்கு தடிமன்னு சொல்றதுதான் நம்பர். இருபத்தஞ்சுன்னா கால் அங்குலம்."

மச்சான் தன் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். எதைக் கண்டாலும் முதலில் அதை எடுத்துவிடுவது அவர் வழக்கம். மூன்று தோட்டாவையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து சின்னத் தராசை எடுத்து, பெரிய தோட்டாவை ஒரு தட்டிலும் சின்னத் தோட்டாக்களை இன்னொரு தட்டிலும் போட்டார். கிட்டத்தட்ட மூன்று சின்னது சேர்ந்தால்தான் ஒரு பெரியது. செல்லையா இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டாவைக் கல்தராசில் நிறுத்த ஆளை அவர் அதற்கு முன்பு பார்த்திருக்க மாட்டார்.

"நான் சொல்றதைக் கேட்டீங்கன்னா முப்பத்தெட்டு எடுங்க," என்றார். "ஓடி வர்றவன் நிக்கணும், அதுக்குத்தானே இது? சின்னது பட்டவன் பட்டதே தெரியாம வந்து ஒங்களை வெட்டிட்டு, அப்புறமாப் போயி ஆஸ்பத்திரியில சாவான். அதுல ஒங்களுக்கு என்ன லாபம்?"

மச்சானுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சின்னது பட்டாலும் சாவானா?"

"படுற எடத்தைப் பொறுத்தது பாய்."

"எது பட்டா சாக மாட்டான்?"

செல்லையா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அப்ப நீங்க ஒரு விசில் வாங்கிக்கிடுங்க," என்றார் செல்லையா.

ஆனாலும் அவர் பொறுமைசாலி. முப்பத்தெட்டை மச்சானின் இடுப்பு வாரில் செருகிக் காட்டினார். அதன் கனத்தில் கைலி ஒரு பக்கமாக இறங்கியது. சட்டைக்கு மேலே புடைத்துக்கொண்டு நின்றது. இங்கே ஏதோ விலை உயர்ந்தது இருக்கிறது, வந்து எடுத்துக்கொள் என்று ஊரைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. முப்பத்திரண்டு அவ்வளவு புடைக்கவில்லை, ஆனால் விசையை அமுக்க மச்சானின் விரலுக்குப் பலம் போதவில்லை. குண்டு போடாமல் அமுக்கிப் பார்க்கும்போதே குழல் ஜன்னலிலிருந்து கதவுக்குப் போய் வந்தது. இருபத்தைந்து மட்டும் உள்ளங்கைக்குள் அடங்கியது. துண்டுக்குள் பிடித்திருந்தால் கையில் ஒன்று இருப்பதே தெரியாது.

"ஒண்ணு சொல்லிர்றேன்," என்றார் செல்லையா. "ரிவால்வரைப் பைக்குள்ள வச்சே சுட்டாலும் திரும்பத் திரும்பச் சுடும். இது அப்பிடி இல்ல. ஒரு தோட்டா போனதும் மேல்பாகம் பின்னால போயி, அடுத்ததை ஏத்திக்கிட்டு முன்னால வரணும். துணிகிணி மாட்டுச்சுன்னா அங்கனயே நின்னுரும். வெளிய எடுத்துத்தான் சுடணும்."

"அவ்வளவு தூரத்துக்கு நான் சுட மாட்டேன்," என்றார் மச்சான். "காட்டுனாப் போதும். அப்பிடியே பட்டாலும் ஆள் பொழச்சுக்கணும். சின்னதே போதும்."

தன் உயிர், சான் டுன்னின் கல், வருகிற கொள்ளைக்காரனின் உயிர், மூன்றையும் ஒரே தோட்டாவில் காப்பாற்றப் பார்த்தார். அன்றைக்கு எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

துப்பாக்கி வந்தால் பயம் போகும் என்று நினைத்தோம். பயம் போகவில்லை, வீடு முழுக்கப் பரவியது. வெடித்துவிடுமோ என்று முதல் நாளே அதை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தார். அக்காவுக்கு அரிசி எடுக்கக் கை போகவில்லை. குழந்தை பரீதாவை அந்தப் பக்கம் விடுவதே இல்லை.

"இது வந்ததுலேர்ந்து இந்த வீட்ல மூணு பேரும் பயப்படுறோம்," என்றாள் அக்கா. "முன்னேயெல்லாம் நீங்க ஒருத்தர்தானே பயந்தீங்க."

மச்சான் அதைப் பானையிலிருந்து எடுத்து, அரிசித் தூசியைத் துடைத்து, இடுப்பில் செருகிக்கொண்டு புறப்பட்டார்.

நடக்கும்போது வலது கை எப்போதும் துண்டுக்குள்ளே துப்பாக்கியின் மேலேயே இருக்கும். அதனால் இன்னொரு கஷ்டம் வந்தது. விலை பேச யாராவது துணி போட்ட கையை நீட்டினால் மச்சான் முதலில் பின்னால் துள்ளுவார். அப்புறம் ஆளைத் தெரிந்துகொண்டு இடது கையை நீட்டுவார். இடது கையால் யாராவது விலை பேசுவார்களா? பர்மியரோ நம்மவரோ, எல்லாருக்கும் அது அவமரியாதைதான். பழைய ஆட்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார்கள். நான் எடுத்துச் சொன்னேன். அய்யூப் கையைப் போய்ப் பார்த்துட்டு வந்து பேசு என்றார்.

அவர் கண் அந்த நாட்களில் மாறிப் போயிருந்தது. ஆட்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார், கையை மட்டும் பார்த்தார். மழைக்காலத்து ரங்கூனில் யார் கை வெளியே தெரிகிறது? எல்லாரும் எதையாவது போர்த்திக்கொண்டுதான் போகிறார்கள். பார்க்கிற கையெல்லாம் கத்தியாகத் தெரிந்தால் மனிதன் எப்படி நடப்பான்? சில நாள் பாதித் தெருவில் நின்று, வீட்டுக்குப் போயிடலாம் தம்பி என்பார். போய்விடுவோம்.

அன்றைக்கு அந்தப் பெரிய கல்லை ஒரு நகைக்கடைக்காரருக்குக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை சற்று விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. மொகல் தெருவில் நல்ல கூட்டம். ஒரு கைவண்டி எங்கள் இருவருக்கும் நடுவே புகுந்தது. நான் குடையை மடக்கிக்கொண்டு ஒதுங்கினேன்.

வண்டி கடந்ததும் எதிர்ச் சாரியிலிருந்து ஒருவர் நேராக மச்சானை நோக்கி வருவதைப் பார்த்தேன். மழைக்குப் போடுகிற பெரிய ஓலைத்தொப்பி மூக்கு வரைக்கும் இறங்கியிருந்தது. சாதாரண லுங்கி. ஒரு வார்த்தை பேசவில்லை. வலது கைமேல் துண்டு. அந்தக் கை மச்சானின் இடுப்பை நோக்கி நீண்டுகொண்டே வந்தது.

மச்சான் அசையாமல் நின்றார். அவர் உதடு சாவு நேரத்துக் கலிமாவை ஓதிக்கொண்டிருந்தது. ஒரு மனிதன் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, இனியும் பார்க்க வேண்டாம். கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

பலகைமேல் பலகை விழுந்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். மச்சானின் துண்டில் ஒரு கருகிய ஓட்டை. அதிலிருந்து புகை. துண்டுக்குள் அவர் கை மறுபடியும் இறுகுவதைப் பார்த்தேன். இரண்டாவது சத்தம் வரவில்லை.

வந்தவரின் தொப்பி சேற்றில் விழுந்தது. மொட்டைத் தலை. துண்டுக்குள்ளிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு, பர்மியப் பேச்சில் அவர் சொன்னார்:

"சாதிக், நான்தான்."

கொண்டை இல்லை, பட்டுத்துணி இல்லை. குரல் மட்டும் ஊ சான் டுன்னுடையது.

மச்சான் நின்ற இடத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். துண்டு விலகி, துப்பாக்கி எல்லார் கண்ணிலும் பட்டது.

கூட்டம் கூடியது. நம்மவர் ஒருவர் பர்மியரைத் தெருவில் வைத்துச் சுட்டிருக்கிறார். உடனே நம்மவர்மேல் கலவரம் வெடிக்கும் என்று அந்தத் தெருவில் நின்ற எல்லாருக்கும் தெரியும். கடைகளின் கதவுப் பலகைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்கிற சத்தம் கேட்டது. யாரோ என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தார்கள். முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன்.

ஊ சான் டுன் மச்சானுக்கு முன்னால் வந்து, கூட்டத்தைப் பார்த்து நின்றார். நல்ல கையை உயர்த்திக்கொண்டு உரக்கப் பேசினார். அவர் உரக்கப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"என் தப்பு. துப்பாக்கியைக் காட்டுன்னு நான்தான் கேட்டேன். கையை விட்டேன், வெடிச்சிருச்சு. இவர் என் சினேகிதர். வழி விடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

யாரும் உடனே நம்பவில்லை. அவர் மச்சானின் தோளைப் பிடித்துத் தூக்கி எழுப்பி, அவர்மேலேயே சாய்ந்துகொண்டு ரிக்‌ஷாவில் ஏறினார். அதற்குப் பிறகுதான் கூட்டம் விலகியது, என் சட்டையைப் பிடித்த கையும் விட்டது.

போலீசாரிடமும் அவர் அதையேதான் சொன்னார். அவர்கள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு லைசென்ஸை ரத்து செய்தார்கள். அதோடு விட்டது எங்கள் அதிர்ஷ்டம்.

குண்டு ஆள்காட்டி விரலின் எலும்பை நொறுக்கிக்கொண்டு போயிருந்தது. ஆஸ்பத்திரியில் விரலை அடியோடு எடுத்துவிட்டார்கள். பெரிய குண்டாக இருந்திருந்தால் கையே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். மச்சானுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, நல்ல வேளை சின்னதா வாங்குனீங்க என்றேன்.

அவர் தன் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டார்.

"ரெண்டாவது தடவையும் அமுக்குனேன் தம்பி," என்றார். "துணி மாட்டி நின்னுருச்சு. இல்லேன்னா அவர் நெஞ்சுலதான். கொல்ல மாட்டேன்னு சொல்லித்தானே சின்னதா வாங்குனேன். அமுக்குறப்போ கொல்லத்தான் அமுக்குனேன்."

அன்று சாயங்காலம் ஊ சான் டுன் கண் விழித்ததும் மச்சான் பனியனுக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்து அவருடைய இடது கையில் வைத்தார். ஊ சான் டுன் பிரித்துப் பார்க்கவில்லை. தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, இறந்துபோன தாயாருக்காக மடத்தில் சில நாள் பிக்குவாக இருந்துவிட்டு வந்ததாகச் சொன்னார். உன்னைக் கொஞ்சம் ஏமாற்றலாம் என்று தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தேன் என்றார். பிறகு பொட்டலத்தைத் திருப்பி நீட்டினார்.

"விக்கச் சொல்லித்தானே குடுத்தேன்?"

மச்சான் வாங்கவில்லை. பொட்டலத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவருக்குக் கொள்ளைக்காரர்கள் பயம் அடியோடு போய்விட்டது. தன் கையைக் கண்டுதான் பயந்தார். பரீதாவை வலது கையால் தூக்க மாட்டார். யாராவது துணி போட்ட கையை நீட்டினால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் விலை சொன்னார். எல்லார் காதிலும் விழுகிற விலைக்கு யார் கல் வாங்குவார்கள், யார் விற்பார்கள்? தரகு நின்றுபோனது. தாமுவே சந்தையில் யாரோ ஒருவருடைய தேங்காய்க் கடையில் உட்காரப் போகிறேன் என்றார். அக்கா அழுதாள். துணிக்குள் கையை விடாத தரகன் இனி தரகன் இல்லை, அது அவளுக்கும் தெரியும்.

மழை நின்று வெயில் வந்த நாளில் ஊ சான் டுன் மறுபடியும் வந்தார். தலையில் முடி ஒரு விரல்கடை வளர்ந்திருந்தது, கொண்டை போட இன்னும் வெகுநாள் ஆகும். பட்டுத்துணியை எப்படியோ சுற்றியிருந்தார், அது நழுவிக்கொண்டே இருந்தது. தரகர்கள் உட்காருகிற மாடிக்கு நேராக ஏறி வந்தார். தேங்காய்க் கடைக்குப் போகுமுன் எல்லாரிடமும் சொல்லிக்கொள்ள மச்சான் அன்றைக்கு அங்கே வந்திருந்தார்.

ஊ சான் டுன் மச்சானுக்கு எதிரே விரிப்பில் உட்கார்ந்தார். அதே பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தார். தோள் துண்டை எடுத்து வலது கைமேல் போட்டு நீட்டினார். வாயைத் திறக்கவில்லை.

மச்சான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊ சான் டுன் கையை மடக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. வெளியே டிராம் ஒன்று மணி அடித்துக்கொண்டு போயிற்று. அதற்கு வழக்கமாகத் துள்ளுகிற மச்சான் அன்றைக்குத் துள்ளவில்லை. அவர் கண் அந்தத் துண்டைவிட்டு நகரவில்லை. வெகுநேரம் கழித்து, நெற்றியெல்லாம் வேர்க்க, வலது கையை எடுத்துத் துண்டுக்குள் விட்டார்.

வழக்கமாகச் சீக்கிரம் முடிகிற காரியம் அன்றைக்கு முடியவே இல்லை. இரண்டு பேர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. துண்டு மட்டும் முதலில் படபடவென்று ஆடியது. போகப் போக ஆட்டம் குறைந்து நின்றது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் கழித்துத்தான் இரண்டு கையும் வெளியே வந்தன. மச்சான் கல்லைப் பொட்டலமாக மடித்துப் பனியனுக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டேன். அப்படிக் கேட்கக் கூடாது, துணிக்குள் பேசியது இரண்டு பேருக்குள் இருக்க வேண்டியது. ஆனாலும் கேட்டேன்.

"அவ்வளவு நேரம் என்னதான் விலை பேசுனீங்க மச்சான்?"

"விலையா?" என்றார். "ஆள்காட்டி வெரலைத் தேடுனேன், இல்ல. எனக்கு நடுங்க ஆரம்பிச்சிருச்சு. அது நிக்கிற வரைக்கும் அவர் என் கையைப் புடிச்சுக்கிட்டே இருந்தார் தம்பி. பொறகுதான் விலை சொன்னார். அதிகமாத்தான் சொன்னார். சரின்னுட்டேன்."